ஆராலுக்கு ஆற்றுப்படுகை போன்ற தொட்டி: தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுத் தொட்டியில் ஆரால் வளர்க்க விரும்பும் நம் இரு மாவட்டத்து நண்பர்கள் நேரிலும் தொலைபேசியிலும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். வெளியூர்க்காரர் எழுதும் குறிப்புகளில் நம் போர்த் தண்ணீரும் நம் கல்லும் ஓசூர்க் குளிரும் இடம்பெறுவதில்லை என்பதால், அவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லியிருக்கிறேன்.

ஆரால், விலாங்கு, கடையில் 'ஈல்' என்று விற்பது எல்லாம் ஒரே மீன்தானா?

இல்லை. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்று ஊர் சொல்கிற விலாங்கு வேறு, ஆரால் வேறு. விலாங்கு கடலில் பிறந்து, சிறு குஞ்சாக ஆற்றுக்குள் ஏறி, பல ஆண்டுகள் நன்னீரில் வளர்ந்து, முட்டையிடுவதற்கு மறுபடியும் கடலுக்கே திரும்பும் மீன். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. நமக்கும் கடலுக்கும் நடுவே 1934 முதல் மேட்டூர் அணை நிற்பதால், ஒகேனக்கல் பக்கத்துக் காவிரியை எட்டுவதே அதற்குப் பெரும்பாடு. அவ்வளவு தூரம் வந்த ஒன்றைப் பிடித்துக் கண்ணாடிக்குள் அடைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆரால் தன் வாழ்நாள் முழுவதையும் நன்னீரிலேயே கழிக்கும். சங்கப் பாடல்களில் வரும் ஆரல் என்ற பெயர்தான் நம் வாயில் ஆரால் ஆகியிருக்கிறது. முதுகில் துடுப்புக்கு முன்னால் தனித்தனியாக நிற்கும் சிறு முட்களும், யானைத் தும்பிக்கையைச் சிறுத்துவிட்டது போன்ற நீண்ட மூக்கும் இதன் அடையாளங்கள். கடைகளில் 'டயர் டிராக் ஈல்' என்று சொல்வது நம் கல் ஆராலைத்தான். அது 90 சென்டிமீட்டர் வரை வளர்ந்ததாகப் பதிவு உண்டு. சிவப்புக் கோடு போட்ட 'ஃபயர் ஈல்' தென்கிழக்கு ஆசிய மீன். அது ஒரு மீட்டரையே தொடும். 'பீகாக் ஈல்' ஓர் அடி அளவில் நின்றுவிடும். நம் நாட்டுச் சிறு ஆராலோ ஒரு சாண்தான். முதன்முறையாக வளர்ப்பவர்கள் கடைசியாகச் சொன்ன இரண்டில் ஒன்றோடு தொடங்குவதே நல்லது. இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதும் பெரும்பாலும் அவற்றை மனத்தில் வைத்துத்தான்.

எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

உயரத்தை மறந்துவிட்டுத் தரையின் பரப்பைப் பாருங்கள், ஏனென்றால் ஆரால் தரையில் வாழும் மீன். ஒரு சாண் ஆராலுக்கு மூன்றடி நீளம் போதும். பீகாக் ஈலுக்கு நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் வேண்டும். கல் ஆராலுக்கு ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இல்லாமல் ஆசைப்படக் கூடாது. நான்கடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி என்ற தொட்டி ஏறத்தாழ 255 லிட்டர் கொள்ளும். நீர், மணல், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் எடை முந்நூறு கிலோவைத் தாண்டிவிடும் என்பதால் மர அலமாரியின் மேல் வைக்காமல், இதற்கென்று வெல்டிங் செய்த இரும்புத் தாங்கியில் மட்டம் பார்த்து வைக்க வேண்டும்.

மணலுக்குப் பதில் எம்-சாண்ட் போடலாமா? எங்கள் ஊரில் அதுதான் கிடைக்கிறது.

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படித்துவிடுங்கள். ஆரால் பகலில் மணலுக்குள் புகுந்து, மூக்கு நுனியையும் கண்ணையும் மட்டும் வெளியே விட்டுக்கொண்டு கிடக்கும் மீன். அது மணலுக்குள் தலையை முதலில் விட்டு, உடம்பை அசைத்து அசைத்து உள்ளே இறங்கும்போது ஒவ்வொரு மணல் பருக்கையும் அதன் தோலின் மேல் உரசுகிறது. எம்-சாண்ட் என்பது பாறையை இயந்திரத்தில் உடைத்து எடுப்பது. பருக்கைகளின் முனைகள் மழுங்காமல் கூராக இருக்கும். ஒரு பிடியை எடுத்து மணிக்கட்டின் உட்புறத்தில் தேய்த்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்: கோடு கோடாகச் சிவக்கும். அந்தக் கீறல்களில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பிடிப்பதே பல ஆரால்களின் சாவுக்குக் காரணமாகிறது. தொட்டிக் கடைகளில் விற்கும் வண்ணக் கற்களும் ஜல்லியும் அதே காரணத்தால் ஆகாது. அவற்றுக்குள் இந்த மீனால் புகவே முடியாது.

குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு விற்கும் ஃபில்டர் மணலில் நைசான ரகம், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்டதும் உருண்டை முனை கொண்டதுமான மணல், இதற்கு மிகவும் ஏற்றது. வீடு கட்டிய காலத்தில் மிஞ்சிய பழைய ஆற்று மணல் யாரிடமாவது இருந்தால் சல்லடையில் சலித்து அதையும் பயன்படுத்தலாம். ஆற்றில் போய் அள்ளி வரலாமா என்று கேட்காதீர்கள். அனுமதி இல்லாமல் மணல் அள்ளுவது ஒரு வாளியானாலும் குற்றம்தான். நான்கடித் தொட்டியில் இரண்டரை அங்குல ஆழத்துக்குப் பரப்ப ஏறக்குறைய 50 கிலோ மணல் பிடிக்கும். வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கையை விட்டுக் கலக்கி, கலங்கல் நீரைச் சாய்த்துச் சாய்த்துக் கழுவுங்கள். எனக்கு ஒவ்வொரு வாளிக்கும் பத்துத் தடவை ஆயிற்று. அந்தக் கலங்கல் நீரை வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றிவிடலாம்.

ஒகேனக்கல்லிலிருந்து நல்ல வடிவமான கற்களைக் கொண்டுவந்து அடுக்கினால் இயற்கையாக இருக்குமே?

இதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது சட்டம். காவிரிக் கரைக் காடுகளில் பெரும்பகுதி 2014-இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள்ளும், 2022-இல் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள்ளும் வருகிறது. அங்கிருந்து கல்லோ கட்டையோ மீனோ எதையும் எடுக்கக் கூடாது.

இரண்டாவது வேதியியல். நம் பகுதியில் பெரும்பாலான பாறை கருங்கல் வகை. தண்ணீரில் கரையாது, தொட்டிக்கு நல்லது. ஆனால் ஒகேனக்கல்லிலும் சாமல்பட்டிப் பக்கத்திலும் கார்பனடைட் என்ற பாறை இருக்கிறது. எரிமலைக் குழம்பிலிருந்து உண்டானதாக இருந்தும் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருக்கும் இந்தப் பாறை உலகிலேயே அரிதானது என்பதால் புவியியலாளர்கள் தேடி வருகிறார்கள். நமக்கோ, ஏற்கெனவே கடினமான தண்ணீரை மேலும் கடினமாக்கும் கல் அது. எந்தக் கல்லையும் தொட்டியில் போடுவதற்கு முன், ஆணியால் சுரண்டி உண்டாகும் பொடியின் மேல் சில துளி வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் வேண்டாம்.

கிணறு வெட்டியபோது எடுத்த கல், நிலத்து வரப்பில் கிடக்கும் மழுங்கிய கருங்கல், கூழாங்கல் ஆகியவையே போதும். கிரானைட் பட்டறைகளின் துண்டுகளைச் சிலர் கொண்டுவருகிறார்கள். அவற்றின் விளிம்புகள் கத்திபோல் இருக்கும், மெருகேற்றிய பக்கத்தில் பிசினும் மெழுகும் பூசியிருக்கலாம். அவை தரைக்குத்தான் அழகு.

அடுக்கும் முறையில் கவனம் தேவை. மணலைப் பரப்பிவிட்டு அதன் மேல் கல்லை வைத்தால், ஆரால் அடியில் தோண்டத் தோண்டக் கல் சரிந்து மீனை நசுக்கும் அல்லது கண்ணாடியை உடைக்கும். ஆகவே வெறும் தொட்டியின் தரையில் மெல்லிய தெர்மோகோல் தகட்டை வைத்து, பெரிய கற்களை அதன் மேல் அசையாமல் அமர்த்தி, அதன் பிறகே சுற்றிலும் மணலைக் கொட்ட வேண்டும். கல்லும் கல்லும் சாயும் இடத்தில் ஆரால் நுழைந்து வெளியேறும் அளவுக்கு இரு வாய் கொண்ட பொந்துகளை விடுங்கள். ஓர் அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை மணலில் பாதி புதைத்து, முகப்பைக் கல்லால் மறைத்துவிட்டால் பார்ப்பவருக்குத் தெரியாது. மீனோ மற்ற எல்லாவற்றையும் விட்டு அதைத்தான் தேர்ந்தெடுக்கும்.

மரக்கட்டை, செடி, இலை எவற்றைப் போடலாம்?

பட்டை உரித்து நன்றாகக் காய்ந்த கொய்யாக் கிளை, வேர் போன்ற தோற்றத்துக்கு மிகவும் பொருத்தமானது. மாங்கட்டை நம் ஊரில் எளிதாகக் கிடைத்தாலும் தண்ணீரில் விரைவில் ஊறி அழுகும். எந்தக் கட்டையையும் கொதிக்கவைத்து, மூழ்கும்வரை இரண்டு மூன்று வாரம் ஊறவிட்டுப் பின் பயன்படுத்துங்கள். உதிர்ந்து காய்ந்த நாட்டு வாதுமை இலைகள் நான்கைந்தைத் தரையில் விட்டால் தண்ணீர் இளந்தேநீர் நிறம் பெறும்; ஆரால் வெளிச்சத்துக்கு அஞ்சும் மீன் என்பதால் இந்த நிறம் அதற்கு நிம்மதி தரும். மணலில் ஊன்றும் செடிகளை ஆரால் இரவோடிரவாகப் பிடுங்கிப் போட்டுவிடும். கல்லிலும் கட்டையிலும் நூலால் கட்டி வளர்க்கும் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போன்றவையே நிலைக்கும். மேலே மிதக்க ஆகாயத்தாமரை நல்லது, ஆனால் பெருகியதைக் குப்பையில் காயவைத்துப் போடுங்கள், கால்வாயில் வீசாதீர்கள். வெளிச்சம் ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் மங்கலாக எரிந்தால் போதும்.

போர்த் தண்ணீரை அப்படியே ஊற்றலாமா?

முதலில், நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். நம் மாவட்டங்களின் நிலத்தடி நீரில் உப்பும் ஃபுளோரைடும் மிகுதி. அந்த ஃபுளோரைடுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013 முதல் காவிரி நீரும் கிடைக்கிறது. ஆரால் ஓரளவு கடின நீரைத் தாங்கும். 500-க்குள் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. 1,200 காட்டும் போர்த் தண்ணீரோடு 50 காட்டும் ஆர்.ஓ. தண்ணீரைச் சரிபாதி கலந்தால் ஏறத்தாழ 625-க்கு வந்துவிடும்; ஆர்.ஓ. பங்கை இன்னும் கூட்டினால் 500-க்குள் வரும். மொட்டை மாடியில் பிடித்த மழைநீரையும், முதல் மழையை வழிந்தோட விட்டபின், இவ்வாறு கலக்கலாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரைச் சிக்கனம் கருதித் தொட்டிக்கு ஊற்றுவோர் இருக்கிறார்கள். உப்பெல்லாம் திரண்டிருப்பது அதில்தான்.

ஒகேனக்கல் குழாய் நீர் கடினம் குறைந்தது, ஆனால் குளோரின் கலந்து வருவது. அகன்ற டிரம்மில் பிடித்து, காற்றுக் குழாய் போட்டு ஒரு நாள் வைத்துவிட்டு ஊற்றுங்கள். அவசரமானால் மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைப் பயன்படுத்தலாம்.

தொட்டி தயாரான அன்றே மீனை விடலாமா?

நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்க, இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்குகிறது. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அளவோடு இருந்தால் தீங்கில்லை. இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டரின் பஞ்சிலும் மணலிலும் குடியேறுவதற்குத்தான் அந்தக் கால அவகாசம். தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு ஃபில்டரை ஓடவிடுங்கள். சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டிய பிறகே மீன் வாங்கப் போங்கள். நலமான தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஃபில்டர் பஞ்சுத் துண்டு ஒன்று கிடைத்தால் காத்திருப்பு பாதியாகக் குறையும். ஃபில்டரின் உறிஞ்சு வாயில் பஞ்சு மாட்ட மறக்க வேண்டாம். குட்டி ஆரால் அதற்குள் போய்விடும்.

மூடி அவ்வளவு அவசியமா?

என் முதல் ஆராலை நான் இழந்தது மூடியால்தான். கண்ணாடி மூடி போட்டிருந்தேன். ஃபில்டர் குழாய் நுழையும் மூலையில் மட்டும் ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. விளக்கணைத்த பின் அந்த மூலையில் குழாயைச் சுற்றி ஏறி, அந்த இடைவெளி வழியாகவே வெளியேறியிருக்கிறது. காலையில் தொட்டியில் தேடி, மணலைக் கிளறி, கல்லைத் தூக்கிப் பார்த்து, கடைசியில் சமையலறைக் கதவின் பின்னால் துடைப்பத்தின் அடியில் தூசி ஒட்டிக் காய்ந்து கிடந்ததைக் கண்டேன். தொட்டிக்கும் அந்தக் கதவுக்கும் பன்னிரண்டடி தூரம். அன்று முதல் குழாய், ஒயர் நுழையும் ஒவ்வொரு துளையிலும் பஞ்சு அடைத்து, மூடியின் மேல் கனமான ஒரு கல்லையும் வைத்துவிடுகிறேன். நீர் மட்டத்தையும் விளிம்பிலிருந்து நான்கு விரல் கீழே நிறுத்துங்கள்.

ஓசூர்க் குளிருக்கும் தர்மபுரி வெயிலுக்கும் என்ன செய்வது?

ஆராலுக்கு 24 முதல் 28 டிகிரி ஏற்றது. ஓசூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் மார்கழி, தை இரவுகளில் ஹீட்டர் இல்லாமல் முடியாது; லிட்டருக்கு ஒரு வாட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆரால் ஹீட்டரைச் சுற்றிப் படுத்துச் சூடுபட்டுக்கொள்ளும் என்பதால் பிளாஸ்டிக் கூடு போட்ட ஹீட்டரையே வாங்குங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிச் சித்திரை வெயிலில் சிக்கல் தலைகீழாகும். மூடியில் ஒரு பகுதியைக் கொசுவலைச் சட்டமாக மாற்றி, அதன் மேல் சிறிய மின்விசிறியை ஓடவிட்டால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி குறையும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. மின்தடையும் சேர்ந்துகொண்டால் ஆபத்து. பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

என்ன தீனி கொடுப்பது? கடைத் தீனியைத் தொடவே இல்லையே.

தொடாது, உயிருள்ள இரைக்குப் பழகிய மீன் அது. மண்புழு, உறைந்த பிளட்வார்ம், பொடியாக நறுக்கிய பச்சை இறால் ஆகியவற்றை விளக்கணைத்த பின் மூக்கருகே போட வேண்டும். உரக்குழியில் வளர்க்கும் சிவப்புப் புழுவைச் சில மீன்கள் துப்பிவிடும். அது கசப்பான நீரைச் சுரக்கிறது. தோட்டத்து மண்புழுவே நல்லது, ஆனால் எந்தத் தோட்டம் என்று பார்க்க வேண்டும். பூக்கும் பருவத்தில் மாந்தோப்புகளில் மருந்து அடிப்பார்கள். மல்பெரித் தோட்டத்தில் பட்டுப்புழு பொறுக்காது என்பதால் விவசாயிகளே மருந்தில் அளவோடு இருப்பார்கள். அங்கேயும் அடித்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டுவிட்டே எடுங்கள். சாக்கடையில் பிடித்து விற்கும் டியூபிஃபெக்ஸ் புழுவையும், நுரை பொங்கி ஓடும் கெலவரப்பள்ளிப் பக்கத்துத் தென்பெண்ணையிலிருந்து எடுத்த எந்த இரையையும் நான் தொட்டியில் விடுவதில்லை.

பொழுது சாய்ந்ததும் தொட்டியருகே அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். மணலில் முதலில் தெரிவது மூக்கு நுனிதான். அதன் இரு பக்கமும் குழல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் நாசித் துளைகள் மணத்தைத் தேடி அசையும். பிறகு பழுப்புக் கண். புழுவின் மணம் எட்டியதும் மணல் சற்றும் கலங்காமல் உடம்பு முழுவதும் வழுக்கி வெளியே வரும். இடியாப்பத்தை உறிஞ்சுவது போல ஒரே இழுப்பில் புழு உள்ளே போய்விடும்.

வாரத்துக்கு மூன்று நான்கு முறை கொடுத்தால் போதும். தின்னாமல் மிஞ்சியதைக் காலையில் எடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுங்கள். கையை விடுவதற்கு முன் மீன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், முதுகு முள் குத்தும்.

கூட வேறு மீன்களை விடலாமா?

வாயில் நுழையும் அளவுள்ளவற்றை விட்டால் இரையாகும். கப்பி, நியான் டெட்ரா, சிறு இறால் ஆகியவை வேண்டாம். ஜிலேபிக் கெண்டையும் அதன் இனத்துச் சண்டை மீன்களும் ஆராலின் வாலைக் கடித்துவிடும். உள்ளங்கை அளவு வளரும் அமைதியான பார்ப், கௌராமி ஆகியவை நடுநீரிலும் மேல்நீரிலும் இருந்துகொள்ளும். அவை தீனியை முந்தித் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காசு போட்டு வாங்கிய மீன் கண்ணிலேயே படவில்லை. மறைவிடங்களை எடுத்துவிடலாமா?

எடுத்தால் அது இன்னும் ஒளியும், தின்பதையும் நிறுத்தும். ஒளிய இடம் நிறைய இருக்கிறது என்று நம்பும் ஆரால்தான் துணிந்து வெளியே வருகிறது. இதை என் தொட்டியிலேயே இரண்டு முறை சோதித்திருக்கிறேன். பொந்துகளைக் கூட்டுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், ஒரே நேரத்தில் ஒரே மூலையில் தீனி வையுங்கள். இரண்டு மாதத்தில் உங்கள் விரலில் இருந்து புழுவை வாங்கும்.

உடம்பில் வெள்ளைப் புள்ளி வந்திருக்கிறது. மருந்து ஊற்றலாமா?

ஆராலின் செதில்கள் மிகச் சிறியவை. மருந்து உடம்பில் எளிதாக ஏறும். செம்பு கலந்த மருந்து வேண்டவே வேண்டாம். வெப்பத்தை ஒரே நாளில் ஏற்றாமல் மெல்ல 30 டிகிரிக்குக் கொண்டுபோய், காற்றோட்டத்தைக் கூட்டி, மற்ற மருந்தானாலும் பாதி அளவில் தொடங்குங்கள். புதிய மீனைத் தனித் தொட்டியில் மூன்று வாரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்த்தால் இந்தக் கேள்வியே பெரும்பாலும் எழாது.

எங்கே வாங்குவது, எப்படிக் கொண்டுவருவது?

சென்னைக் கொளத்தூரிலும் பெங்களூரிலும் வகைகள் கிடைக்கும். வயிறு ஒட்டியிருப்பதையும் மூக்கு சிவந்திருப்பதையும் வாங்காதீர்கள். கடையிலேயே புழுவைத் தின்கிறதா என்று பாருங்கள். முதுகு முள் பையைக் கிழிக்கும், அதனால் இரட்டைப் பை போட்டு, செய்தித்தாளைச் சுற்றித் தரும்படி கேட்க வேண்டும்.

மிகவும் பெரிதாகிவிட்டது. கே.ஆர்.பி. அணையிலோ பக்கத்து ஏரியிலோ விட்டுவிடலாமா?

விடக் கூடாது. ஃபயர் ஈல், பீகாக் ஈல் இரண்டும் நம் நீர்நிலைகளுக்கு அந்நியம்; தொட்டி சுத்தம் செய்ய வாங்கிப் பின் ஏரியில் வீசிய சக்கர் மீன் இன்று வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. நம் நாட்டு ஆராலே ஆனாலும் தொட்டியில் பிடித்த நோயை ஏரிக்குக் கொண்டுபோகும். வளர்ந்த மீனைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கடைக்காரரிடம் வாங்கும் அன்றே கேட்டுவிடுங்கள். மாட்டேன் என்றால், ஒரு சாண் ஆராலை எடுத்துக்கொண்டு வாருங்கள்.